ஏழாவது ஆளின் காது

வெள்ளிக்கிழமை காலை பிலிமத்தலாவையில் பஸ்ஸுக்கு நின்றபோது நௌபர் நானாவின் மகள் றிஸ்னா அழைத்தாள். "அங்கிள், வாப்பா மௌத்தாகிட்டாங்க. நெஞ்சு நோவுதுன்னு சொன்னாங்க, அவ்வளவுதான்." நான் கேட்ட முதற் கேள்வி, "வாப்பாவோட அலுமாரி பூட்டியிருக்கா?" அழுகிற பிள்ளையிடம் அப்படிக் கேட்டதை நினைத்து இன்னும் வெட்கப்படுகிறேன். துக்கத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது.

நானாவின் சித்திரத் தொடரை வாரப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். கறுப்பு மையில் கண்டி, ஓயாத மழை, ஒன்பது குற்றவாளிகள். இத்தனை கொலைகாரர்களைக் கீறியவர், கரப்பானைக் கண்டால் கதிரையில் ஏறி நிற்பார். முகங்களைக் கட்டுகஸ்தோட்டை பஸ் தரிப்பிடத்தில் பிடிப்பார். கீறி முடித்ததும் காதை மட்டும் வேறொருவருடையதாக மாற்றுவார். "காத மாத்தினா போதும் சந்திரன், பெத்த உம்மாவுக்கும் மட்டுக்கட்ட ஏலா" என்பார். ஏழாவது ஆள் மட்டும் தொடர் முழுக்கக் குடைக்குள் முதுகைக் காட்டியே நடப்பான்.

தொடர் படமானபோது வசனம் நான் எழுதினேன். ஏழாவது ஆளுக்கும் முகம் வேண்டுமென்று இயக்குநர் பிடிவாதம் பிடிக்க, நானா கீறிக் கொடுத்தார். குண்டசாலையில் படப்பிடிப்பு. அந்தச் சித்திரத்தைப் பார்த்து ஒப்பனை செய்த நடிகர் வெளியே வந்தார். இடது காது மடல் இரண்டாகக் கிழிந்திருந்தது. நானா என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

"காத மாத்த மறந்துட்டேன்."

ஒரு மழை மாலையில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில், அந்தக் காதுக்காரன் ஒருவரை மகாவலிக்குள் தள்ளியதை நானா கண்டிருக்கிறார். தவறி விழுந்ததாக ஊர் நம்பிவிட்டது. "எனக்கு மூணு புள்ள. வாய் தொறக்கல்ல. கைதான் சொல்லிட்டுது" என்றார்.

காதை மாற்றித்தான் காட்சிகளை எடுத்தோம். ஆனால் நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஒன்பது பேரையும் நிறுத்தி எடுத்த புகைப்படம் அந்தக் காதோடேயே போஸ்டராகிவிட்டது. பாலத்தடியிலும் ஒட்டினார்கள். அதன் பிறகு நானா அந்தப் பாலத்தைக் கடக்கவேயில்லை.

ஜனாஸா அடக்கத்துக்குப் போயிருந்தேன். ஒருவர் என் தோளைத் தொட்டார்.

"படத்துக்கு வசனம் எழுதினது நீங்கதானே?"

"ஆமாங்க."

"அந்த ஏழாவது ஆள, நானா யாரப் பாத்துக் கீறினாரு?"

"தெரியாதுங்க."

தலையாட்டிவிட்டுத் திரும்பினார். அப்போதுதான் அவருடைய இடது காதைக் கண்டேன்.

நானா திரும்ப வாங்கி அலுமாரியில் பூட்டி வைத்திருந்த அந்தச் சித்திரத்தை றிஸ்னா என்னிடம் தந்துவிட்டாள். நானா எனக்கென்று விட்டுப்போனது அந்தத் தாளும் அவருடைய பயமும்தான். அவர் அந்தப் பயத்தை என் ஒருவனிடம் மட்டும் சொன்னார். நான் உங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தாளோடு பொலிசுக்குப் போகிறேன். பாலத்தைக் கடந்துதான் போக வேண்டும். நானாவைத் தெரிந்தவர்கள் யாராவது கூட வாருங்கள்.