கிள்ளான் ரோட்டில் ஓர் அரை மைல்

சனிக்கிழமை காலை ஆறு மணி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று, சைக்கிள் டயரை மூன்றாம் தடவையாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிள்ளானுக்கு இருபது மைலும் சொச்சமும். பம்பு, ஒட்டுப் போடும் ரப்பர், குடை, இரண்டு பென்சில், பென்சில் சீவ ஒரு பிளேடு, அது தொலைந்தால் இன்னொரு பிளேடு, எல்லாம் பையில் இருந்தன.

“அரை மைல்ல இருக்குற கூட்ஸ் ஷெட்டுக்கே அந்தோணியார வேண்டிக்கிட்டுப் போற ஆளு, கிள்ளானுக்குப் போறாராம் லா!” என்றாள் என் மனைவி ஆரோக்கியம், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி.

அவள் சொன்னதில் தப்பில்லை. கிள்ளான் ரோட்டை அகலப்படுத்தி, ஓரமாகச் சைக்கிளுக்குத் தனிப்பாதை போடலாமா என்று ரோடு ஆபீஸில் யோசிக்கிறார்கள். எந்த இடத்தில் எத்தனை சைக்கிள் போகிறது என்று எண்ணிச் சொல்லச் சைக்கிள்காரர்களையே கூப்பிட்டிருந்தார்கள். சம்பளம் கிடையாது. நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் பதினோரு வருஷமாக மூட்டை எண்ணியே பிழைக்கிறவன். போன மழைக்காலத்தில் ஒரு லோரி ஒதுக்கியதில் சைக்கிளோடு கால்வாயில் கிடந்தவனும்கூட. பெயரைக் கொடுத்துவிட்டேன். கொடுத்த நிமிஷத்திலிருந்து டயரை அமுக்கிப் பார்ப்பதே வேலையாகிவிட்டது.

ஆபீஸில் ரோட்டுப் படம் வரைகிற குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக் கிராணி ஐயா, கட்டம் போட்ட தாளை நீட்டிச் சொன்னது ஒன்றுதான்: “சைக்கிள் இல்லாத இடத்தில பாதை இல்லை, காணும். பிழை விடாமல் எண்ணும்.”

ஏழேகால் மணிக்குப் பெட்டாலிங். சீனர் கடையில் மூன்று காசுக்குக் கோப்பி வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் எண்ணினேன். கோப்பி ஆறிப்போனது, சைக்கிள் ஒன்றும் தப்பவில்லை. அப்புறம் சுங்கைவே, சுபாங். இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் ரோட்டின் மேல் குனிந்து நிழல் போட்டிருந்தன. பால் உறைந்த புளித்த வாடை கூடவே வந்தது. பத்து தீகாவில் இன்னொரு மணி நேரம் எண்ணி, கட்டுச்சோறு சாப்பிட்டுக் கிளம்பும்போது மணி பன்னிரண்டரை.

ஒரு மைல் தாண்டியதும் ரோட்டோரத்தில் ஒரு பலாமரம். எனக்கு முன்னால் போன நாலு தோட்டத்து ஆட்களும் அதனடியில் இறங்கினார்கள். சங்கிலி கழன்றுவிட்டதோ என்று நினைத்தேன். நாலு பேருக்கும் ஒரே சமயத்திலா கழலும்? காரணம் தெரியாமலே நானும் இறங்கிவிட்டேன். என் சுபாவம் அப்படி.

“எதுக்குண்ணே எறங்குறோம்?” என்று பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்தவரைக் கேட்டேன். வீராசாமி என்று பெயர், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் இறக்குகிறவர்.

அவர் தாடையால் மேட்டைக் காட்டினார். வெள்ளை வெளேரென்று ஒரு பங்களா. “தோட்டத்துத் தொர வராந்தாவுல உக்காந்திருப்பாரு. அவரு பாக்க நாம ஏறிப் போனா மரியாத இல்லையாம்.”

“இது சர்க்கார் ரோடுதானே?”

“ரோடு சர்க்காருது. வேல தொரையோடதுலா.”

பங்களா மறைகிறவரை அரை மைல் தள்ளினோம். அங்கே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எண்ணினேன். தாளில் ‘ஏறிப்போகும் சைக்கிள்’ என்று ஒரு கட்டம், ‘நடப்பவர்’ என்று ஒரு கட்டம். தள்ளிக்கொண்டு போகிறவர் நடக்கத்தானே செய்கிறார்? சைக்கிளுக்குச் சைபர், நடப்பவருக்கு முப்பத்திரண்டு; அத்தனை பேரும் தள்ளிக்கொண்டு போனவர்கள். ஒழுங்காக எழுதி முடித்த திருப்தியில் இருந்தேன்.

கடைக்குப் போய்த் திரும்பிய வீராசாமி எட்டிப் பார்த்தார். படித்துக் காட்டினேன்.

“சைபரா? நான் நடக்குறவனாக்கும்? அப்ப இது என்னண்ணே, ஆட்டுக்குட்டியா?” என்று சீட்டில் ஒரு தட்டுத் தட்டினார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. சிலுவார்க் கால்சட்டையைச் சுருட்டிக் காட்டினார். முழங்காலிலிருந்து கணுக்கால்வரை தையல் போட்ட வடு. “ஏறிப் போனா எனக்கு ஒரு மொழம் ரோடு போதும். தள்ளிட்டுப் போனா நான் ஒண்ணு, இது ஒண்ணு, ரெண்டு மொழம். பின்னால வர்ற லோரிக்காரன் அதப் பாப்பானா? பாத போட்டா மொதல்ல இங்கதான் போடணும். நீங்க சைபர் போட்டு வச்சிருக்கீங்க.”

கிராணி ஐயா சொன்னது அப்போதுதான் உறைத்தது. சைக்கிள் இல்லாத இடத்தில் பாதை இல்லை.

“அது கெடக்கட்டும்,” என்றார் வீராசாமி. “நாங்க தோட்டத்து ஆளு. நீங்க எதுக்கு எறங்குனீங்க?”

தாளை மடித்துப் பையில் வைத்துச் சைக்கிளை எடுத்தேன்.

மாலை நாலரைக்கு ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கிள்ளானில் என் தங்கை வீட்டை அடைந்தேன். நண்டுக் குழம்பு வைத்திருந்தாள்; நான் தாளை விரித்து நடந்ததைச் சொன்னேன். காரணத்தை எழுதினால் துரை காதுக்குப் போய் வீராசாமிக்கு வேலை போகும். எழுதாவிட்டால் பாதை போகும். தங்கை புருஷன் சூசை நண்டுக்காலைக் கடித்தபடியே தீர்ப்புச் சொன்னார்: “கூட ஒரு கட்டம் போடுங்க மச்சான்.”

“சர்க்கார் தாளு, மச்சான்!”

“பென்சில் கோடுதானே? கடிக்காது லா.”

ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, ‘கையில் சைக்கிள்’ என்று தலைப்பு எழுதி, முப்பத்திரண்டையும் அங்கே மாற்றினேன். கோடு கோணலாகத்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிளம்பி, ஒன்பதரைக்கு மறுபடி அந்த அரை மைல். கிள்ளான் பாசாருக்குப் போகிறவர்கள் எதிரே வரிசையாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்; வீராசாமியும் இருந்தார். வழக்கமாக இறங்கும் இடம் வந்தது. நான் இறங்கவில்லை. தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம்; முன்சக்கரம் பாம்புபோல் நெளிந்தது. வராந்தாவில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. துரையா, காயப்போட்ட துணியா என்று உற்றுப் பார்க்க என்னால் முடியவில்லை.

“அண்ணே, மணி அடிங்கண்ணே!” என்று எதிரிலிருந்து வீராசாமி கத்தினார்.

அடித்தேன். ஒரு தடவை அடிக்கத்தான் நினைத்தேன். பலாமரம் வரை விரல் நிற்கவே இல்லை. அங்கே இறங்கி, மூச்சு வாங்க உட்கார்ந்து, எதிரே வந்தவர்களையும் சேர்த்து ஒரு மணி நேரம் எண்ணி, அன்றைய எண்ணிக்கையை எழுதினேன்.

மத்தியானம் பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தேன். எங்கள் தெருவில் நாங்கள் சைக்கிளை விட்டு இறங்குவது வழிமறித்துப் படுத்திருக்கும் மாட்டுக்கும், மூடிய ரயில் கேட்டுக்கும்தான். இத்தனை வருஷம் அதைக் குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை, ரோடு ஆபீஸ். கிராணி ஐயா தாளை விளக்கடியில் பிடித்தார். “இதென்ன காணும், நாங்கள் குடுக்காத கட்டம்?”

வீராசாமியின் பெயரை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். ஒரு முழம், இரண்டு முழம் என்று கையால் அளந்தும் காட்டினேன். அவர் விரல் தாளில் ஞாயிற்றுக்கிழமை வரிசைக்கு வந்தது.

“கையில் சைக்கிள் நாற்பது. ஏறிப்போகும் சைக்கிள் ஒண்டு.” தலையைத் தூக்கினார். “இந்த ஒண்டு ஆர்?”

“நான்தான் ஐயா.”

பென்சிலைக் கையில் எடுத்தார். “அப்ப, சைக்கிள் போற இடம்தான்,” என்றார்.

பெரிய எஞ்சினியர் துரை ஒப்புக்கொள்ள வேண்டும், அது வேறு. ஆனால் என் கண் முன்னால் கிராணி ஐயா படத்தை விரித்து, அடிமட்டத்தை வைத்து, பத்து தீகாவிலிருந்து கிள்ளான் பாலம்வரை ரோட்டோரமாக ஒரு கோடு இழுத்தார். பங்களா வந்த இடத்தில் பென்சிலும் எங்களைப்போல் இறங்கிவிடுமோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இறங்கவில்லை.