தராசு அக்கா வரும் நாள்

தெருவில் எல்லோருக்கும் அவள் தராசு அக்கா. கர்ப்பிணிகள் கேள்வித்தாளில் தாங்கள் சாப்பிடுவதாகச் சொன்னதைத்தான் சாப்பிடுகிறார்களா என்று வீடு வீடாகப் போய், தட்டில் வைக்கும் சாப்பாட்டை நிறுத்துப் பார்ப்பது அவள் வேலை. எந்த நாள் வருவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். சட்டம் போட்ட புண்ணியவான் நல்லா இருக்கட்டும்!

ஒரு வீட்டில் எல்லாக் கேள்விக்கும் மாமியாரே முந்திக்கொண்டாள். "பால், முட்டை, பழம், எல்லாம் தினமும் குடுக்கிறோம். என் மருமகளுக்கு நான் என்ன குறை வெச்சேன்?"

நிறுக்கப் போன அன்று அத்தனையும் தட்டில் இருந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்த அந்த மருமகள் தலை நிமிராமல் அள்ளி அள்ளித் தின்றாள். பல நாள் பசி என்று அக்காவுக்குப் புரிந்தது. ஆனால் தராசு காட்டியதைத்தானே எழுத முடியும்?

"சொன்னதும் நிறுத்ததும் அப்படியே பொருந்துதேம்மா! நம்ம கேள்வித்தாள் பிரமாதம்" என்று மேலதிகாரி பூரித்துப்போனார்.

"அந்தப் பொண்ணு உடம்பு எலும்பும் தோலுமா இருக்கு சார்."

"அதை எழுத இதுல கட்டம் இல்லையேம்மா."

அன்று கிளம்பும்போது வாசலில் அந்தப் பெண் காதோடு கேட்டதற்கும் அதில் கட்டம் இல்லை.

"அக்கா, நாளைக்கும் தராசை எடுத்துக்கிட்டு வருவீங்களா?"