கதவில் நீலத் துண்டு

டொம்.

பிளைவுட் தரையில் எதுவோ விழும் ஓசை. பலகைக்கு அடியில் வெற்றிடம், வெற்றிடத்துக்கு அடியில் மணல். இன்று துபாயின் ஜெபல் அலியில் எந்த சைட் ஆபீசுக்குள் காலெடுத்து வைத்தாலும் அந்த ஓசை குதிகால் வழியே ஏறி, என்னை முன்பு வேலை பார்த்த சவூதியின் யான்புவில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது.

அங்கே எங்களுக்கு ஃபேமிலி கேம்ப். டிரெய்லரில் வந்து இறங்கிய போர்ட்டா கேபின்கள். ஒரு பெட்டிக்கு இரண்டு குடும்பம், நடுவே ஒரு தகடு. சறுக்குமரமும் ஊஞ்சலும் உண்டு. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை எந்தப் பிள்ளையும் அதில் உட்கார முடியாது, தொடை வெந்துவிடும். தகட்டுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்துத் தம்பதி. அவருக்கு ரிஃபைனரியில் நைட் டூட்டி. அவள் கேம்ப் நர்சரியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள்.

எங்கள் வரிசையில் ஒரு வழக்கம். நைட் டூட்டி முடித்து வந்தவர் கதவுப் பிடியில் ஒரு துண்டைக் கட்டிவிட்டுப் படுப்பார். துண்டு தொங்கினால் யாரும் தட்டுவதில்லை. பிள்ளைகள் பந்தைக் கக்கத்தில் இடுக்கி, "அங்கிள் ஸ்லீப்பிங்" என்று கிசுகிசுத்தபடி அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிடுவார்கள். எங்களிடம் இருந்த ஒரே சொத்து தூக்கம். அதை ஒருவருக்கொருவர் காவல் காத்தோம்.

அன்று எனக்கு விடுமுறை. காலையில் யாழ்ப்பாணத்துக்காரர் வந்தார், நீலத் துண்டைக் கட்டினார், உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் டொம். தண்ணீர் கேன் சரிந்திருக்கும் என்றாள் என் மனைவி. டிவியின் ஒலியை இன்னும் குறைத்தோம்.

மதியம் அவள் நர்சரியிலிருந்து திரும்பினாள். துண்டைப் பார்த்ததும் செருப்புச் சத்தமில்லாமல் எங்கள் பக்கம் வந்துவிட்டாள். எங்கள் தட்டிலேயே சாப்பிட்டாள். போய்ப் படுத்துக்கொள்ளேன் என்று என் மனைவி சொன்னதற்குச் சிரித்தாள்.

"ஐயோ அக்கா, இடையில எழுப்பினா அந்தாள் ரெண்டு நாளைக்கு என்னோட கதையாது."

பிற்பகல் அசர் பாங்கு முடிந்த பிறகு, டூட்டிக்கு டிபன் கட்ட வேண்டுமென்று எழுந்து போனாள். தகட்டின் வழியே அவள் குரல் வந்தது. "இஞ்சருங்கோ." பிறகு இன்னும் தாழ்வாக, "இஞ்சருங்கோ." அலறவில்லை. கண்ணால் கண்ட பிறகும் சத்தம் போடத் தயங்கினாள் அவள்.

கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே கிடந்தார். கண் திறந்திருந்தது. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. காலையிலேயே கொண்டுவந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் தொடங்கிய டாக்டர் ஃபைலை மூடினார். உயிர் மிஞ்சியது. வலப்பக்கமும் பேச்சும் போயின.

வீல்சேரில் அவர் கேபினுக்குத் திரும்பிய வாரமே கேம்ப் பாஸ் வந்தார். கெட்டவர் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "டியூட்டி நஹி, ஃபேமிலி ரூம் நஹி, பாய். கலாஸ்" என்றார். வேலை இல்லையென்றால் குடும்ப அறையும் இல்லை, அவ்வளவுதான்.

ஏர்போர்ட் வேன் வந்த அன்று அவரைத் தூக்கி உட்காரவைத்தேன். கழுத்தில் அதே நீலத் துண்டு. கடைவாயில் வழிவதை அவள் அதன் நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். வழியனுப்ப வந்த பிள்ளைகள் வேனைச் சுற்றி நின்றார்கள். பழக்கதோஷம், ஒருவர் காதில் ஒருவர் கிசுகிசுத்தார்கள். அவர்களையே கொஞ்ச நேரம் பார்த்திருந்தவள், வேன் கதவை இழுத்துச் சாத்துமுன் என்னிடம் சொன்னாள்.

"இனிப் பிள்ளையளைச் சத்தம் போட விடுங்கோ, அண்ணா."