முப்பத்தாறு மில்லி

லிஃப்ட் மெக்கானிக்கை அவர் மனைவியைத் தவிர எல்லோரும் ‘மில்லி’ என்றுதான் கூப்பிட்டார்கள். எதைக் கேட்டாலும் மில்லிமீட்டரில் பதில் சொல்கிறவர். வேலை முடிந்தால் தையல்காரர் கடை. மருந்துக்கடைக்காரரும் அங்கே வந்துவிடுவார். மூவருக்கும் கைக்கடிகாரப் பைத்தியம். ஆனால் விலை உயர்ந்த கடிகாரங்களைக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி.

அந்த வருடம் ஒரு பெரிய கம்பெனி புதுக் கடிகாரம் கொண்டுவரப்போவதாகப் பேச்சு. யாரோ திருட்டுத்தனமாக எடுத்த மங்கலான படம் ஒன்று போனில் சுற்றியது. வட்டத்தின் அகலம் எத்தனை மில்லி, விலை என்ன என்று கடையில் அடிதடி நடக்காத குறை.

“நாப்பதுக்குக் கீழ வரவே வராது. இப்ப எல்லாரும் தட்டு மாதிரிதான் கட்டுறாங்க” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“முப்பத்தாறு. விலை நம்ம ரெண்டு வருஷச் சம்பளம், அதுக்கு மேல ஒத்தப் பைசா போகாது” என்றார் மில்லி.

“போன வருஷம் நீதானேடா நாப்பத்திரெண்டு வேணும்னு குதிச்ச? கட்சி மாறிட்டியா?”

“இப்ப சின்னதுதான் புடிக்குது. போவியா!”

சண்டை முற்றினால் கையை அளப்பது அங்கே வழக்கம். தையல்காரர் கழுத்தில் தொங்கும் டேப்பை உருவி மணிக்கட்டைச் சுற்றுவார். அந்தக் கைக்கு எந்த அளவு பொருந்தும் என்று தீர்ப்பும் அவரே சொல்வார். மில்லியின் கை எப்போதும் ஏழு அங்குலம். அன்று ஆறரைதான் இருந்தது.

“அடப்பாவி, சின்ன வாட்ச் வரணும்னு கையையே இழைச்சுக்கிட்டு வந்திருக்கான் பாரு!” மருந்துக்கடைக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

“டேப்பு இழுத்துக்கிச்சு” என்று மில்லி கையைப் பின்னால் வைத்துக்கொண்டார்.

தையல்காரர் நம்பிவிட்டார். பழைய டேப் இழுபட்டால் அளவைக் குறைத்துத்தான் காட்டும். மறுநாளே புது டேப் வாங்கினார்.

சில வாரம் கழித்து அடுத்த சண்டை. புது டேப் ஆறு காட்டியது. யாரும் சிரிக்கவில்லை. மில்லியின் பேண்ட் இடுப்பை இரண்டு முறை பிடித்துக் கொடுத்தது அப்போதுதான் தையல்காரருக்கு உறைத்தது.

“டாக்டரைப் பார்த்தியா?”

“பார்த்தா உடம்பு சரியில்லைன்னு எழுதிடுவாரு. அப்புறம் லிஃப்ட் கூண்டு மேல என்னை ஏறவே விடமாட்டாங்க. பொண்ணு இன்னும் படிச்சு முடிக்கல. நீ வாயை மூடிக்கிட்டு இரு.”

தையல்காரர் மூடவில்லை. அன்றே மில்லியின் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் சொல்லிவிட்டார். ஆனால் வயிற்றுக்குள் இருந்த கட்டி அதற்குள் வேண்டிய இடமெல்லாம் பரவியிருந்தது.

கடிகாரம் வெளியான அன்று தையல்காரரும் மருந்துக்கடைக்காரரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மில்லியின் கையில் பெயர் எழுதிய பிளாஸ்டிக் பட்டை. கடைசி ஓட்டையில் மாட்டியும் முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது.

“முப்பத்தாறுதான்டா மில்லி. நீ சொன்னதுதான்.” மருந்துக்கடைக்காரர் போனை நீட்டினார்.

மில்லி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டை விரலாலும் சுண்டு விரலாலும் தன் மணிக்கட்டைப் பிடித்தார். விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

“இதுவும் பெருசுதான். விலை?”

மருந்துக்கடைக்காரர் வாயெடுப்பதற்குள் தையல்காரர் அவர் காலை மிதித்தார். “அதுவும் நீ சொன்னதுதான். அச்சு அசலா.”

மில்லி கட்டிலருகே நின்ற மனைவி பக்கம் திரும்பினார். “பார்த்தியா? தலைகீழா நின்னு சொன்னேன். இவனுங்க கேட்டானுங்களா?”

வெளியே நடையில் மனைவி தையல்காரரை நிறுத்தினார். “அண்ணே, நிஜமாவே அவர் சொன்ன விலைதானா?”

“அது மாதிரி மூணு மடங்கும்மா.”

“பொண்ணு வந்துக்கிட்டிருக்கா. போன்ல விலையைப் பார்த்துட்டு அப்பாகிட்ட உளறிடுவா. நான் கீழ போய் அவளைப் பிடிச்சு வைக்கிறேன்” என்று அவர் வேகமாகப் படியிறங்கினார்.