குத்தி வைத்த சாமை

1. டீச்சரின் போன்

என் சாமை அரிசி கசக்கிறது என்று முதலில் சொன்னவர் தாம்பரத்தில் இருக்கும் ஒரு டீச்சர். வசந்தா என்று பெயர். ஐப்பசி மாதம், விடிந்ததிலிருந்து மலையில் மூட்டம். எங்கள் ஊரில் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. ஊருக்கு மேலே கடுக்காய் மரத்தை ஒட்டி ஒரு பாறை இருக்கிறது. அதில் ஏறி உட்கார்ந்தால்தான் போனுக்கு உயிர் வரும். அந்தப் பாறைதான் என் ஆபீஸ். அங்கே உட்கார்ந்து பார்சல் எண்களை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது அவர் கூப்பிட்டார்.

"ஜவ்வாது மலை சாமை அனுப்புறது நீங்கதானே? தேவியா பேசுறது?"

"ஆமாங்க மேடம், சொல்லுங்க."

"உங்க சாமையில பொங்கல் வெச்சேன்மா. வீட்டுக்கு நாலு பேர் வந்திருந்தாங்க. ஒரு வாய் வெச்சதும் எல்லாரும் தட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. கசக்குது. பழைய எண்ணெய் வாடை வேற அடிக்குது."

"மிளகு ஜாஸ்தி போட்டுட்டீங்களா மேடம்?" என்று கேட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

"முப்பது வருஷமா சமைக்கிறேன்மா" என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு மறந்திருப்பேன்.

போனை வைத்த பிறகும் பாறையிலேயே உட்கார்ந்திருந்தேன். எங்கள் சாமையாவது, கசப்பதாவது! பிறந்ததிலிருந்து தின்கிறேன். ஒரு நாளும் கசந்ததில்லை. பட்டணத்து நாக்குக்கு நல்லது பிடிக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கீழே இறங்கினேன்.

2. முகவரிகளைப் படிக்கும் வேலை

இணையத்தில் கடை போட வேண்டும் என்று இப்போது பல பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். எந்த ஆப் நல்லது, போட்டோவுக்கு எந்த லைட் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் டீச்சரின் போனிலிருந்து ஆரம்பிப்பேன். அதனால்தான் அதை முதலில் எழுதினேன்.

கல்யாணத்துக்கு முன்னால் போளூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப்பிங் வேலை பார்த்தேன். ஆன்லைனில் படிவம் நிரப்பத் தெரியும், போட்டோ ஏற்றத் தெரியும். கடை திறக்க அந்த அறிவு போதுமாக இருந்தது. கடை நடத்த என்ன வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டவள் நான்.

ஏன் விட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் சாமை அறுவடை முடிந்ததும் மார்கழியில் எஸ்டேட் வேலைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியின் ஜீப் வரும். ஆண்கள் ஏறிக் கர்நாடகத்துக் காப்பி எஸ்டேட்டுக்குப் போவார்கள். பங்குனியில் திரும்புவார்கள். என் வீட்டுக்காரர் காசியும் வருஷம் தவறாமல் போனார். கல்யாணமான ஆறு வருஷத்தில் ஒரு பொங்கலுக்குக்கூட அவர் வீட்டில் இல்லை. அவரை அந்த ஜீப்பில் ஏறவிடக்கூடாது. என் வியாபாரத்துக்கு இருந்த நோக்கம் அது ஒன்றுதான். பெரிய முதலாளி ஆகும் ஆசையெல்லாம் பிறகு மற்றவர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

சித்திரையில் ஒரு பெரிய விற்பனைத் தளத்தில் கடை திறந்தோம். வாரத்துக்கு இரண்டு ஆர்டர், மூன்று ஆர்டர் வரும். அன்றன்றைக்குத் தானியக் குதிரிலிருந்து சாமையை எடுத்து, உரலில் குத்தி, புடைத்து, பேக் செய்து பஸ்ஸில் போளூர் கூரியருக்கு அனுப்புவோம். ரிவ்யூ எல்லாம் ஐந்து ஸ்டார். "கடைச் சாமை மாதிரி இல்லை, மணமாக இருக்கிறது" என்று எழுதினார்கள்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சுகமாக இருக்கிறது. பாறையில் உட்கார்ந்தால் மூட்டத்துக்குள் இருந்து போன் சிணுங்கும். கரூர், ஆவடி, கோவில்பட்டி என்று நான் போகாத ஊர்களின் பெயர்கள் வரும். முகவரியைப் படிக்கும்போதே வீடு என் கண்ணில் தெரியும். இரண்டாவது மாடி என்றிருந்தால் படியேறும் சத்தம் கேட்கும். கோவில் பின்புறம் என்றிருந்தால் மணியடிக்கும். யாரோ ஒருத்தி அடுப்பில் உலை வைத்துவிட்டு என் பொட்டலத்தைப் பிரிப்பாள். நான் பாட்டுக்கு அந்த வீடுகளில் நடமாடிக்கொண்டிருப்பேன்.

"இன்னா தேவி, ஆர்டர் வந்துச்சா, இல்ல தூங்கிட்டியா?" என்று கீழேயிருந்து காசி கத்துவார்.

கனவு காண்பது தப்பில்லை. நான் அவர்களுடைய அடுப்புவரை போனேனே தவிர, ஒரு நாளும் தட்டுவரை போகவில்லை. அதுதான் தப்பு.

3. ரெடி ஸ்டாக்

ஆடியில் யாரோ ஒருவர் சிறுதானியம் பற்றி வீடியோ போட, அதில் எங்கள் பாக்கெட்டும் தெரிய, ஆர்டர் கொட்டியது. உரல் தாங்கவில்லை, என் தோளும் தாங்கவில்லை. அனுப்பத் தாமதமானதும் தளத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. ரெடி ஸ்டாக் இல்லாமல் கடை நடத்த முடியாது என்று வியாபாரம் சொல்லித் தரும் வீடியோக்களில் பார்த்திருந்தேன். சரி, ஸ்டாக் வைப்போம் என்று முடிவெடுத்தேன்.

சந்தவாசலில் முனிரத்தினம் என்பவர் சிறுதானிய மெஷின் வைத்திருந்தார். ஊரில் ஏழெட்டு வீட்டுச் சாமையைச் சேர்த்து, மூட்டை மூட்டையாக இறக்கி, ஒரே மூச்சில் தோல் நீக்கிக் கொண்டுவந்தோம். சீலிங் மெஷின் வாங்கினோம். வீட்டில் ஒரு சுவர் முழுக்கப் பாக்கெட் அடுக்கினோம். பார்க்கப் பார்க்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

காசி மேஸ்திரிக்குப் போன் போட்டார். "அண்ணா, இந்த மார்கழிக்கு என்ன எதிர்பாக்காதீங்க. வூட்லயே வேல கீது." பக்கத்தில் நின்று கேட்டேன். அவ்வளவு பெருமையாக அவர் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஆவணி நன்றாகப் போயிற்று. புரட்டாசி பாதியும் போயிற்று. ஐப்பசியில் வசந்தா டீச்சர் கூப்பிட்டார்.

4. எல்லார் மேலும் பழி

அவருக்குப் பிறகு வரிசையாகப் புகார்கள் வந்தன. கசக்குது, காறுது, நாய்கூடத் தின்னவில்லை. ஒரு ஸ்டார், ஒரு ஸ்டார், ரிட்டர்ன்.

முதலில் கவர் மேல் பழி போட்டேன். கனமான கவருக்கு மாறினேன். அப்புறம் கூரியர் மேல். மழையில் நனைத்திருப்பார்கள் என்று எண்ணி, மீதி ஸ்டாக்கை எல்லாம் பிரித்துப் பாறையில் கொட்டி இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். புகார்தான் கூடியது. பிறகு பூச்சியாக இருக்கும் என்று ஒவ்வொரு பாக்கெட்டிலும் காய்ந்த வேப்பிலை போட்டேன். "கசக்குதுன்னு சொன்னா வேப்பிலையும் போட்டு அனுப்புறீங்களே, கிண்டலா?" என்று கரூர்க்காரர் ஒருவர் கேட்டார்.

கார்த்திகை கடைசியில் தளம் எங்கள் கடையை முடக்கியது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

மார்கழி பிறந்தது. வரமாட்டேன் என்று சொன்ன அதே வாயால் "வர்றேன்ணா, எடம் கீதா?" என்று காசி கேட்டார். மேஸ்திரி சிரித்தாராம். என்னிடம் அதைச் சொல்லும்போது காசியும் சிரித்தார். ஜீப்பில் ஏறும்போது, "அழுவாத, போய்ட்டு வந்துடறேன். சாமைக்கு வாயா கீது சொல்றதுக்கு, நீதான் கண்டுபுடிக்கணும்" என்றார்.

5. நானே தின்றது

அவர் போன மூன்றாம் நாள். குத்த மனமில்லை, கையும் வரவில்லை. சுவரோரம் இருந்த பாக்கெட் ஒன்றைப் பிரித்து உலையில் போட்டேன். கொதி வரும்போதே வாடை வந்தது. ஒரு வாய் வைத்தேன்.

கசந்தது. நாக்கின் அடியில், தொண்டையில், தண்ணீர் குடித்த பிறகும் கசந்தது. டீச்சர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அத்தனை பாக்கெட் விற்றவள், அதில் ஒன்றைக்கூட அதுவரை சமைத்ததில்லை.

குதிருக்குப் போய்த் தோலோடு இருந்த பழைய சாமையை ஒரு படி எடுத்தேன். போன வருஷத்துச் சாமை. குத்தி, உடனே ஆக்கித் தின்றேன். மணமாக இருந்தது. அடுப்படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன். இரண்டும் ஒரே மலைச் சாமை. ஒன்று தோலோடு ஒரு வருஷமாகக் கிடந்தது. இன்னொன்று தோல் போய் நான்கு மாதம் கிடந்தது. வேறு வித்தியாசம் எதுவும் இல்லை.

பாறைக்கு ஓடிப்போய்க் காசிக்குப் போன் போட்டேன். இரண்டையும் தின்று பார்த்ததைச் சொன்னேன்.

"அட ஆமா தேவி. நம்ம வூட்ல என்னிக்காவது குத்துன சாமைய நாலு நாளு வெச்சிருக்கமா? அன்னிக்குக் குத்தறது, அன்னிக்கு ஆக்கறது. வெச்சாதான தெரியும், இன்னா ஆவும்னு!"

மலையில் யாருக்கும் தெரியாமல் போனது இதனால்தான். சாமையை எங்களைவிட அறிந்தவர்கள் இல்லை என்று நினைத்திருந்தோம். வைத்திருந்து தின்னும் பழக்கம் இல்லாததால், வைத்தால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. தோல் போனதும் அரிசி மேல் ஒட்டியிருக்கும் தவிட்டின் எண்ணெய் கெட்டுக் காறிவிடுகிறது, வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம் கெடும் என்றெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

6. வியாழக்கிழமை

வாங்கியவர்களின் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் எழுதினேன். அரிசி கெட்டது எங்கள் தவறு, காரணம் இது, புதிதாகக் குத்தி அனுப்புகிறேன், பணம் வேண்டாம் என்று. பலர் பதில் போடவில்லை. இரண்டு பேர் திட்டினார்கள். வசந்தா டீச்சர் கூப்பிட்டார். "அனுப்புமா, பாப்போம். இந்தத் தடவை விருந்தாளிக்கு வைக்க மாட்டேன், நானே தின்னு பாக்குறேன்" என்றார்.

தினமும் குத்தி அனுப்ப முடியாது, குத்தி வைக்கவும் கூடாது. வாரத்துக்கு ஒரு நாள் மெஷின் ஓட்டினால் சரியாக வரும் என்று கணக்குப் போட்டு முனிரத்தினத்திடம் போனேன்.

"ரெண்டு மூட்டைக்கு மெஷினப் போட்டா கட்டுப்படி ஆவாதும்மா. பத்து மூட்டையா எட்த்துட்டு வா" என்றார்.

"பத்து மூட்டதாண்ணா என்ன இந்த கதிக்கு ஆளாக்குச்சி" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரம் மழையில் போனேன். நனைந்துகொண்டு நின்றவளைப் பார்த்து, "இன்னாம்மா நீ, வுட மாட்டியா? வியாழக்கிழம வரகு ஓட்டுவேன், அத்தோட வா" என்றார்.

புதன்வரை ஆர்டர், வியாழன் மெஷின், வெள்ளி பேக்கிங், சாயங்காலம் போளூர் கூரியர். வாங்குபவர்கள் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். குத்திய தேதியைப் பாக்கெட் மேல் கையால் எழுதி, ஒரு மாதத்துக்குள் சமைத்துவிடுங்கள் என்றும் எழுதினேன். அரிசிக்குக் காத்திருக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். முதல் வாரம் டீச்சர் ஒருவர்தான் காத்திருந்தார். அடுத்த மாதம் ஐந்து பேர். பிறகு டீச்சருடைய பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்பது பேர் சேர்ந்தார்கள். வாட்ஸாப்பிலேயே கடை நடந்தது. மெதுவாக, மிக மெதுவாகத்தான் வளர்ந்தது. பங்குனியில் காசி திரும்பியபோது வாரத்துக்கு ஒரு மூட்டைகூடத் தேறவில்லை. ஆனாலும் ஒரு வியாழக்கிழமையும் தவறவிடவில்லை.

அடுத்த மார்கழியில், ஒரு புதன்கிழமை, மேஸ்திரி வீட்டு வாசலுக்கே வந்தார்.

"இன்னா காசி, போன தபா மாதிரி கடைசில வந்து எடம் கேக்காத. இப்பவே ஏறிக்க."

காசி மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்க்கக்கூட இல்லை. "இல்லண்ணா. நாளிக்கு வியாழக்கிழம" என்றார்.

மேஸ்திரிக்கு அது என்ன பதில் என்று விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. உள்ளே போய்ச் சத்தமில்லாமல் அழுதேன்.

என்னிடம் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நீங்கள் விற்பதை, வாங்குபவர் எந்த நாளில் தின்பாரோ அந்த நாளில் நீங்களும் தின்று பாருங்கள். ஒவ்வொரு வாரச் சரக்கிலும் ஒரு பாக்கெட்டை எடுத்துவைத்து, முப்பதாம் நாள் அதைத்தான் எங்கள் வீட்டில் ஆக்குகிறோம். அந்த மார்கழியில் அப்படி ஆக்கிய சாமைச் சோற்றைக் காசி ஒரு வாய் வைத்து மெதுவாக மென்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாதான் கீது. இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.