பிரசவ அறைக்கு நான் அடித்த மஞ்சள்

எங்கள் மூத்தவன் தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில் பிறந்தவன். அன்றைக்கு லிந்துலையில் கொட்டிய மழையில், கூரைத் தகரத்தில் இருந்த ஓட்டை சரியாக அவன் அம்மாவின் தலைக்கு மேலே வாயைத் திறந்துகொண்டது. மருத்துவச்சி என்னை உள்ளே கூப்பிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு குடை பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். மகன் பிறக்கிற நேரத்தில் குடையும் கையுமாகச் சுவரைப் பார்த்து நின்ற தகப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பார்க்காமல் பிடித்ததில் குடைக்கம்பி மருத்துவச்சியின் கொண்டையில் மாட்டிக்கொண்டது. குழந்தை அழுவதற்கு முன்னால் அவள் கத்தினாள்.

அதனால் இரண்டாவதுக்கு என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "ஒழுகாத எடத்துலதான் பெத்துக்குவேன்."

தோட்டத்து மருந்துச்சாலையை ஒட்டிப் புதிதாக ஒரு பிரசவ அறை கட்டியிருந்தார்கள். சீலிங்கும் உட்சுவரும் கப்பலில் வந்த பிளாஸ்டர் அட்டை. இரண்டு தடித்த தாளுக்கு நடுவே வெள்ளை மாவை இறுக்கி வைத்தது போன்ற பலகை. ஆணி அடித்து முடித்துவிட்டுத் தச்சர் போய்விட்டார். பெயிண்ட் அடிக்க ஆள் கிடைக்காமல் அறை பூட்டிக் கிடந்தது. மனைவிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. மருந்துச்சாலைப் பொறுப்பில் இருந்த டாக்டரையாவிடம் போய் நின்றேன்.

"நான் அடிக்கிறேங்க."

"பெயிண்ட் அடிச்சிருக்கியா?"

"தீவாளிக்குத் தீவாளி லயம் பூராவும் சுண்ணாம்பு அடிக்கிறது யாருங்க? இந்தக் கைதாங்க."

"இது சுண்ணாம்பு செவரு இல்லப்பா."

"செவரு செவருதானுங்களே ஐயா."

இந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குளிரிலும் வியர்க்கிறது.

ஸ்டோரில் மினுங்குகிற பச்சை இருந்தது. மினுங்காத வெள்ளையும், கலந்துகொள்ள ஒரு சின்ன டின் மஞ்சளும் இருந்தன. துரை பங்களாக் கதவு மாதிரி பளபளவென்று பச்சை அடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. மனைவியிடம் சொன்னேன்.

"பச்சையா? விடிஞ்சதுலேர்ந்து அதத்தானே பாத்துப் பாத்துக் கொழுந்து கிள்ளிக்கிட்டு இருக்கேன். படுத்துக் கெடக்குறப்பவும் அதையேவா பாக்கணும்?"

"அப்ப வெள்ளை?"

"அது லயத்துக் கலரு." கொஞ்சம் யோசித்தாள். "சீலிங்குக்கு வெயிலு கலர் அடிங்க. இந்த ஊருல அதுதான் பாக்கக் கெடைக்கிறதில்ல."

படுத்திருக்கப் போகிறவள் அவள்தானே. சுவருக்கு வெள்ளை, சீலிங்குக்கு வெள்ளையில் மஞ்சள் கலந்தது என்று முடிவாயிற்று.

சுண்ணாம்பு அடிக்கிறவன் முதலில் சுவருக்கு வயிறு நிறையத் தண்ணீர் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடித்தது மறுநாளே பொடிப்பொடியாக உதிரும். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் இரகசியம் அது. தேயிலையின் கொப்புள நோய்க்கு மருந்து அடிக்கிற முதுகுப் பம்பை வாங்கி, நன்றாகக் கழுவி, தண்ணீர் நிரப்பி, சீலிங்கின் நடு அட்டையில் பீய்ச்சினேன். அட்டை குடித்தது. அடடா, என்ன தாகம் என்று இன்னும் கொடுத்தேன். பம்பு காலியாயிற்று. இரண்டாம் தடவைக்குத் தண்ணீர் எடுத்து வருவதற்குள் தாள் எழும்பிக் கொப்புளம் கொப்புளமாக நின்றது. நடு அட்டை மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது.

மேசைமேல் ஏறி இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தேன். விட்டால் விழும், விடாவிட்டால் நான் கிழவனாகும் வரைக்கும் அங்கேயே நிற்க வேண்டும். ஸ்டேஷனுக்கு ஓடி ரயில் ஏறிவிடலாம் என்று புத்தி சொன்னது. ஓடுவதற்கும் முதலில் கையை எடுத்தாக வேண்டுமே!

அந்த நேரம் பார்த்து மனைவி சோறு கொண்டுவந்தாள்.

"என்னாங்க, சாமி தூக்குறீங்களா?"

அவள் சீலிங்கைப் பார்த்தாள். தன் வயிற்றைப் பார்த்தாள். "எனக்கு முந்தி அது பெத்துரும் போல இருக்கே" என்றாள். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "அப்ப எனக்கு மறுபடியும் காம்பிராதானா?"

"இல்ல. இங்கதான்" என்றேன். கையில் அட்டையோடு சொன்ன சபதம் அது.

அவள் கூப்பிட்டு ஆள் வந்து நிழல்மரக் கொப்பால் முட்டுக் கொடுத்த பிறகு, லிந்துலைக் கடைத்தெருவில் பெயிண்ட் விற்கும் முஸ்லிம் பெரியவர் நானாவிடம் ஓடினேன்.

"அட்டைய நனைச்சியா?" நானா தலையில் கை வைத்தார். "ரொட்டிய டீயில முக்கித் தூக்கிப் பாரு மகன். அதுதான் ஒன்ட சீலிங்கு. ஊறிப்போன அட்டையக் கழட்டு. மத்தது நல்லாக் காயட்டும். மூட்டுல சீலைப்பட்டி ஒட்டி, பூசி, தேச்சு, மெல்லிசா ஒரு அடிப்பூச்சு. அது காஞ்ச பொறகு பெயிண்ட் ரெண்டு தரம். சீலிங்குக்கு மினுக்கம் வேணாம், மேடு பள்ளம் எல்லாத்தையும் காட்டிக் குடுத்துரும். கடைசி இழுப்பு ஜன்னல் வெளிச்சத்துப் பக்கம் இழு."

அடுத்தது டாக்டரையா. வழியெல்லாம் ஐந்து பொய் யோசித்துக்கொண்டு போனேன். ஆறாவதாக உண்மை வாயில் வந்துவிட்டது. அவர் ஸ்டோர்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"ஒரே ஒரு அட்டைதான் மிச்சம் இருக்கு. அதையும் குளிப்பாட்டினேன்னு வையி, ஒன் பொஞ்சாதிக்கு நீதான் பிரசவம் பாக்கணும்."

எனக்கு மருத்துவச்சியின் கொண்டை ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அந்த அறைக்குள் குடிதண்ணீர்கூடக் கொண்டுபோகவில்லை.

தச்சர் வந்து அட்டையை மாற்றிக் கொடுத்தார். காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்ததும் அறைக்கு வந்துவிடுவேன். பகலுக்கு மேல் மூடுபனி ஜன்னல் வழியாக நுழையும் முன்னால் அன்றைய பூச்சு முடிந்தாக வேண்டும். பனி வந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு, பூச்சு காயக் கரி நெருப்புச் சட்டி வைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அண்ணாந்து, அட்டை இறங்குகிறதா என்று பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. மூன்று நாள் வானத்தைப் பார்த்தபடியே நடந்தேன். காய்கிறதற்கு முன்னால் ஒரு தரமும் விரல் வைக்கவில்லை. அது என் வாழ்க்கையிலேயே பெரிய அடக்கம். வாடை போக ஜன்னலைத் திறந்து போட ஒரு வாரம் மிஞ்சியது.

ஒரு காலை, நல்ல மழையில், மனைவியை அங்கே கொண்டுபோனோம். நான் வெளியே குடையோடு நின்றேன். மருத்துவச்சி உள்ளே போகும்போது கொண்டையைப் பிடித்துக்கொண்டே போனாள். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. பெண் பிள்ளை.

மனைவி களைத்துப் போய் மேலேயே பார்த்துக்கொண்டு கிடந்தாள். நான் பிள்ளையைக் குனிந்து பார்த்தேன்.

"அந்த ஜன்னல் மூலையில மஞ்ச ஒரு கையளவு விட்டுப் போச்சுங்க" என்றாள். "நோவு எடுத்ததுலேர்ந்து அதத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்."

அண்ணாந்து பார்த்தேன். விட்டுத்தான் போயிருந்தது. தகரத்தின் மேல் மழை இரைந்துகொண்டிருந்தது.

"ஒழுகலையே?" என்றேன்.

"ஒழுகல" என்று சொல்லிக் கண்ணை மூடினாள்.