சுற்றுச்சாலைக்கு அந்தப் பக்கம்

நான் பார்த்துக்கொள்ளும் மூதாட்டியை இத்தாலிய வழக்கப்படி சிஞ்ஞோரா என்றுதான் அழைப்பேன். அவருடைய வீடு, பலெர்மோ நகரின் சுற்றுச்சாலையை ஒட்டிய அடுக்குமாடி ஒன்றில் ஏழாவது தளத்தில் இருக்கிறது. பால்கனியில் நின்றால் கீழே வாகனங்கள் ஓயாமல் ஓடும். சாலைக்கு அப்பால் இதே போல இன்னொரு சாம்பல் நிறக் கட்டடம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்தக் கட்டடத்தைப் பார்த்து அவர் தினமும் கையசைப்பதைக் கண்டு, நினைவு தடுமாறுகிறதோ என்று பயந்தேன். பிறகுதான் எதிர்ப்பக்கத்து ஜன்னலில் ஒரு துண்டு அசைவதைப் பார்த்தேன்.

அங்கே இருந்தவர் அவருடைய சிறுவயதுத் தோழி. ஒரே எலுமிச்சைத் தோட்டத்தின் இரு முனைகளில் இருவருடைய வீடுகளும் இருந்தன. அவர்கள் குமரிகளாக இருந்தபோது கட்டட முதலாளிகள் வந்து காணிகளை வாங்கினார்கள். மரங்கள் விழுந்தன, வீடுகள் இடிந்தன, அடுக்குமாடிகள் எழுந்தன. கடைசியில் நடுவால் சாலை வந்தது. அவரவர் பக்கத்தில் அவரவருக்கு ஒரு வீடு கிடைத்தது.

“முதலிலை ஓடிக் கடந்தம்,” என்றார் சிஞ்ஞோரா. அவர் இத்தாலியனில்தான் சொல்வார். என் மனதில் அது எங்கள் யாழ்ப்பாணத் தமிழாகவே நிற்கிறது. “பிறகு நடுவிலை வேலி போட்டாங்கள். பிறகு கலியாணம், பிள்ளையள், முழங்கால்.”

தினமும் தொலைபேசியில் கதைத்தார்கள். ஆனால் நேரில் பார்த்துப் பல வருடங்கள். சாலைக்கு மேலால் போகும் நடைபாலத்தில் படிகள் மட்டும்தான்; அவருடைய சக்கர நாற்காலி ஏறாது. டாக்சி பிடிப்போமா என்று கேட்டேன்.

“எங்கடை தோட்டத்துக்குள்ளை போக நான் டாக்சி பிடிக்கமாட்டன்,” என்றார்.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் காணி இராணுவத்தின் முள்வேலிக்குள் போனது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சொந்த வீட்டுக் கூரையைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்த வேலியை நான் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் இது வெறும் சாலை.

“ஞாயிற்றுக்கிழமை போறம். பாலத்தாலைதான்,” என்றேன்.

என் கணவரும், பொலிதேயாமா சதுக்கத்தருகே அவரோடு ஒரே உணவகத்தில் வேலை செய்யும் மொரிஷியஸ் நண்பரும் வந்தார்கள். இருவரும் சக்கர நாற்காலியோடு சிஞ்ஞோராவைத் தூக்கிப் படியேறினார்கள். நான் பின்னால் தாங்கிப் பிடித்தேன். பாலத்தின் நடுவில் சிஞ்ஞோரா நிறுத்தச் சொன்னார்.

“இதுக்கு நேர கீழைதான் தண்ணித்தொட்டி. நாங்கள் நீந்தின தொட்டி.”

கீழே ஒரு லாரி போனது, பாலம் அதிர்ந்தது. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். “சரி, நடவுங்கோ,” என்றார்.

தோழி கதவைத் திறந்ததும் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கோப்பி வந்தது. அது ஆறுவதற்குள் தோழி ஆரம்பித்தார்.

“காணியை விக்க உன்ரை அப்பாதான் முதலிலை கையெழுத்துப் போட்டவர்.”

“பொய்! உங்கடை பக்கத்து மரங்களை வெட்டின பிறகுதான் அவர் போட்டவர்.”

குரல்கள் ஏறின. என் கணவர் என் காதருகே, “சண்டை பிடிக்கவோ இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்தனாங்கள்?” என்றார்.

“பேசாமல் இருங்கோ. இது கதைச்சு முடிக்கவேண்டிய கதை,” என்றேன்.

திடீரென்று தோழியின் குரல் தாழ்ந்தது. “அப்பாவுக்கு விக்க விருப்பமில்லை. லிஃப்ட் உள்ள வீடு வேணுமெண்டு அழுதது நான்தான்.”

சிஞ்ஞோரா கோப்பையைக் கீழே வைத்தார். “நானுந்தான். குழாயைத் திறந்தால் சுடுதண்ணி வருமெண்டு சொன்னவங்கள். சாப்பிடாமல் கிடந்து சாதிச்சனான்.”

இத்தனை காலமும் ஆளுக்கு ஆள் மறைத்து வைத்திருந்தார்கள். முதலில் தோழி சிரித்தார், சிஞ்ஞோராவும் சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது இருவருடைய கன்னங்களும் நனைந்திருந்தன.

திரும்பிப் போக எழுந்தபோது சிஞ்ஞோரா நாற்காலியின் பிரேக்கை விடவில்லை. தோழியைப் பார்த்துச் சொன்னார்: “என்ரை வீட்டிலை ஒரு அறை சும்மா கிடக்குது. நீ வா.”

மிலானில் இருக்கும் சிஞ்ஞோராவின் மகன் தொலைபேசியில் தயங்கினார். இரண்டு வயதானவர்களை ஒருத்தி எப்படிப் பார்ப்பாய் என்று கேட்டார். “ஓம், பாப்பன்,” என்றேன். அந்த வாரமே தோழியின் மகளிடம் பேசினேன். வேலை ஒப்பந்தத்தையும் முறையாக மாற்றி எழுதுவித்தேன். கோடை தொடங்குமுன் தோழியின் கட்டிலும் தையல் மெஷினும் சாலையைக் கடந்து வந்து சேர்ந்தன. இப்போது பல்லரோச் சந்தையில் நான் மூன்று பேருக்கு மீன் வாங்குகிறேன். எந்த மீன் வாங்குவது என்பதில் அவர்கள் இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.